ஏலத்திற்கு வந்த கருங்காலி மேசை

1763ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஹொராஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், ஓர் ஏலத்திற்காக ஏறத்தாழ 60 மைல் பயணம் செய்து ஹண்டிங்டன்ஷயரில் உள்ள ஸ்டாட்டன் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்தின் முதல் பிரதமராகக் கருதப்பெறும் ராபர்ட் வால்போலின் மகன் இவர். பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். அங்கே கோனியர்ஸ் சீமாட்டியின் வீட்டுப் பொருள்கள் ஏலத்திற்கு வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மேசைகள், பதினெட்டு நாற்காலிகள். எல்லாம் கருங்காலி மரத்தில் செதுக்கு வேலைப்பாட்டுடன் செய்யப்பட்டவை. நண்பர் ஜார்ஜ் மாண்டகுவுக்கு எழுதிய மடலில், வீடு முழுவதும் கருங்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நகையாடிவிட்டு, அவை ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழைமை உடையவை என்றும், அவற்றை வாங்காமல் திரும்புவதில்லை என்றும் தெரிவித்தார்.

அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சர்களின் கைவேலை என்பது வால்போலின் உறுதியான நம்பிக்கை. அதற்குக் காரணம் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சராக விளங்கிய கர்தினால் வுல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் இதே போன்ற கருங்காலி நாற்காலிகள் கிடந்தன. வுல்சி 1530இல் இறந்தார். அவர் வீட்டில் கிடந்த பொருள் அவர் காலத்தது. அவர் காலத்தது என்றால் ஆங்கில நாட்டது. இவ்வாறு ஓர் ஊகத்தின் மேல் இன்னோர் ஊகம் ஏறிற்று. ஸ்ட்ராபெரி ஹில் என்னும் தம் மாளிகையில் வால்போல் இத்தகைய கருங்காலி இருக்கைகளை வைத்ததும், அவரைப் பார்த்துப் பிற செல்வர்களும் அவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். 1842இல் ஜார்ஜ் ராபின்ஸ் என்பார் ஸ்ட்ராபெரி ஹில் பொருள்களை 24 நாள் ஏலம் விட்டபோது, அந்தப் புகழும் பொருளோடு சேர்ந்தே விலைபோயிற்று.

உண்மையில் அந்த மேசைகளும் நாற்காலிகளும் செய்யப்பட்டவை சோழமண்டலக் கரையிலும் அதனை அடுத்த இலங்கையிலும். காலம் 17ஆம் நூற்றாண்டு. கருங்காலி இங்கிலாந்தில் விளையும் மரமன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைவது. திருகுத் தூண்போல் கடைந்த கால்கள், சட்டங்களை நிரப்பும் பூவும் கொடியும், இடையிடையே தலைகாட்டும் கிளியும் கடற்கன்னியும், பிரம்பு பின்னிய இருக்கை ஆகியவற்றை இலங்கையிலும் படேவியாவிலும் எஞ்சியுள்ள பொருள்களோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் இம்முடிவுக்கு வந்தனர். 2001இல் அமின் ஜாபர் வெளியிட்ட, பிரித்தானிய இந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்ட அறைகலன்களைப் பற்றிய நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. வடிவத்தைக் கேட்டவர்கள் ஐரோப்பியர். மரமும் கையும் உளியும் இங்குள்ளவை. அந்தக் கைகளெல்லாம் கூலி பெற்று உழைத்த கைகள் என்றும் எண்ணிவிட முடியாது. பஞ்சக் காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக வாங்கிப் படேவியாவுக்குக் கப்பலேற்றினர் என்பது அவர்களுடைய ஆவணங்களே கூறும் வரலாறு. இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய படேவியா.

இதன் மறுதலையான கதையும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஏலப் பட்டியல்களில் 'கோரமண்டல் திரை' என்றொரு பொருளை அடிக்கடி காணலாம். அரக்குப் பூசி, அதனைக் குடைந்து வண்ணம் தீட்டிய மடிப்புத் திரை. பெயரில் சோழமண்டலம் இருக்கிறது. பொருளில் சோழமண்டலம் இல்லை. அது சீனத்தில் செய்யப்பட்டது. சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் துறைமுகத்தின் பெயர் பொருளின்மேல் ஒட்டிக்கொண்டது. ஆக, நம் கரையில் செய்த மேசைக்கு ஆங்கிலத் தச்சன் தந்தையானான். சீனத்தில் செய்த திரைக்கு நம் கரை தாயாயிற்று.

மொழியியல் பேச வந்தவன் மரவேலையைப் பற்றி ஏன் இத்தனை கூறுகிறேன் என்று கேட்கலாம். சொற்களின் பிறப்பிடத்தைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் வால்போலின் முறையிலேயே நடக்கின்றன என்பதுதான் காரணம். ஒரு சொல் நம் வீட்டில் நெடுங்காலம் இருந்தால் அது நம்முடையதே என்கிறோம். அல்லது ஓர் எழுத்தைக் கண்ட அளவில் வேற்றுச்சொல் என்று தள்ளுகிறோம். மரத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பவர் குறைவு.

'மேசை ஏலத்திற்கு வந்தது.' இத்தொடரை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளிகளில் ஆறாம் வயதுக் குழந்தையும் பொருள்கொள்ளக்கூடிய தொடர். இதில் உள்ள பெயர்ச்சொற்கள் இரண்டு. இரண்டும் போர்த்துகீசியக் கப்பலில் வந்தவை. எஞ்சியிருப்பவை அத்துச் சாரியை, நான்காம் வேற்றுமை உருபு, 'வா' என்னும் வினையடி, இறந்தகால இடைநிலை, அஃறிணை ஒருமை விகுதி. இவை அனைத்தும் தமிழ். இத்தொடர் தமிழ்த் தொடர் அன்று என்று கூறத் துணிபவர் எவருமிலர். ஏனெனில் ஒரு மொழியை அம்மொழியாக நிறுத்துவது பெயர்ச்சொற்களின் பட்டியலன்று. அவற்றைக் கோத்து நிற்கும் சட்டம்.

முதலில் மேசை. போர்த்துகீசியத்தில் இதன் வடிவம் 'மெசா'. இலத்தீனத்து 'மென்சா'விலிருந்து வந்தது. இரண்டு உயிர்களுக்கு இடையில் வரும் சகரத்தைப் போர்த்துகீசியர் குரலொலியோடு, ஆங்கிலத்தின் இறுதி எழுத்தைப்போல, ஒலிப்பர். அவ்வொலி தமிழில் இல்லை. எனவே கேட்டவர்கள் இரண்டு வழிகளில் அதனைப் பிடித்தனர். சிலர் அருகிலுள்ள ஜகரமாக்கி 'மேஜை' என்றனர். சிலர் தமிழ் எழுத்தின் இயல்புக்கு ஏற்ப 'மேசை' என்றனர். மலாய் மொழியும் முதல் வழியிலேயே சென்று 'மெஜா' என்றது. எனவே 'மேஜை' தவறு, 'மேசை' சரி என்று மாணவரிடம் கூறும்போது, இரண்டும் ஒரே மூல ஒலியைப் பிடிக்க முயன்ற இரு முயற்சிகள் என்பதையும் சேர்த்துக் கூறுவது நலம். எழுத்துத் தரத்திற்கு 'மேசை'யைக் கொள்கிறோம். நான் கொள்வதும் அதுவே.

இறுதி உயிரையும் பார்க்க வேண்டும். 'ஆ' என்று முடிந்த சொல் தமிழில் 'ஐ' என்று முடிகிறது. இது தற்செயலன்று. வடமொழி 'மாலா' மாலையாகவும், 'சபா' சபையாகவும், 'சீதா' சீதையாகவும் ஆனது இதே தடத்தில்தான். போர்த்துகீசிய 'கதெய்ரா', நாற்காலியைக் குறிக்கும் சொல், இலங்கைத் தமிழில் 'கதிரை' ஆயிற்று. முன்னூறு நானூறு ஆண்டு இடைவெளியன்று, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் வந்த சொற்களைத் தமிழ் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. வந்தது வேற்றுச்சொல், வார்த்த அச்சு உள்ளூர் அச்சு.

இங்கே ஒரு தடையும் எழும். இந்தியிலும் உருதுவிலும் மேசைக்கு 'மேஸ்' என்னும் சொல் உண்டு. அது பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லும் அவ்வழியாக வந்திருக்கலாமே எனக் கேட்பது நியாயமான கேள்வி. விடை சொல்லின் வாலில் இருக்கிறது. பாரசீகச் சொல்லுக்கு இறுதி உயிர் இல்லை. அது தமிழுக்கு வந்திருந்தால் 'மேசு' என்றோ 'மேசி' என்றோ ஆகியிருக்க வேண்டும். தமிழ், மலையாளம், சிங்களம், மலாய் ஆகிய நான்கிலும் சகரத்தை அடுத்து ஓர் உயிர் நிற்கிறது. இந்நான்கும் போர்த்துகீசியர் கோட்டை கட்டியும் வணிகம் செய்தும் வாழ்ந்த கரைகளின் மொழிகள். சிலர் 'மிசை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லிலிருந்து மேசையை வருவிப்பதும் உண்டு. மேற்புறம் உடையது ஆகையால் மேசை என்பது அவர்கள் கருத்து. கேட்க இனிமையாக உள்ளது. ஆனால் அது உண்மையாயின் போர்த்துகீசியர் வருகைக்கு முற்பட்ட இலக்கியத்திலோ கல்வெட்டிலோ ஓரிடத்திலேனும் மேசையைக் காண வேண்டும்; மலாய்க்கும் சிங்களத்திற்கும் அதே சொல் எவ்வாறு கிடைத்தது என்பதற்கும் விளக்கம் தர வேண்டும். இரண்டும் இயலவில்லை. வுல்சி வீட்டில் கிடந்ததால் வுல்சியின் நாற்காலி என்றது போலத்தான் இதுவும்.

ஏலம் என்னும் சொல்லின் பயணம் இதைவிடச் சுவையானது. போர்த்துகீசியத்தில் 'லெய்லாவ்', கடைசி அசை மூக்கொலியோடு முடியும். அறிவித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததென அகராதியாளர் கூறுவர். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. அவ்வாறு வரும் வடசொற்களுக்கு முன்னால் இகரத்தையோ உகரத்தையோ சேர்த்துக்கொள்ளலாம் என நன்னூல் வழிகாட்டுகிறது. 'லாபம்' இலாபம் ஆனதும் 'லோகம்' உலோகம் ஆனதும் அவ்விதியால். அந்த விதிப்படி இச்சொல் 'இலேலம்' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரையோர மக்கள் முன்னே ஓர் உயிரைச் சேர்ப்பதற்கு மாறாக, முதல் லகரத்தையே விட்டுவிட்டனர். ஒரே சொல்லில் இரண்டு லகரம் அடுத்தடுத்து வருவது நாவுக்குச் சுமை. ஒன்றை இறக்கினால் இலக்கண வரம்பும் காக்கப்படும், நாவும் இளைப்பாறும். புலவரின் எழுத்தாணி வழியாக அன்றி, துறைமுகத்துப் பேச்சின் வழியாக நுழைந்த சொல் என்பதற்கு இந்த வடிவமே சான்று.

அண்டை மொழிகளை வரிசையாக நிறுத்தினால் கதை தெளிவாகும். மலையாளத்தில் லேலம், இரு லகரமும் நிற்கின்றன. தெலுங்கில் வேலம். மராத்தியில் லிலாவ். இந்தியில் நீலாம், முதல் லகரம் னகரமாயிற்று. மலாயில் லெலோங், இந்தோனேசியாவில் லெலாங். சிங்களம் மட்டும் இச்சொல்லை விட்டு ஒல்லாந்தரிடமிருந்து 'வெந்தேசி' என்பதை எடுத்துக்கொண்டது. 'ஏல்' என்னும் வினையிலிருந்து, ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருளில், ஏலம் பிறந்தது என்பாருக்கு இவ்வரிசையில் உள்ள லகரங்களே மறுமொழி. நறுமணப் பொருளாகிய ஏலம் வேறு. அது பழைய சொல். போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்திற்கு வருகிறது என்று கூறும்போது முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும் ஒலியில் இரட்டையர், உறவில் அந்நியர்.

இறுதி மூக்கொலியைத் தமிழ் நடத்திய முறையும் கவனிக்கத்தக்கது. 'லெய்லாவ்' என்னும் பொருட்பெயர் '-அம்' பெற்று ஏலம் ஆயிற்று. படைத்தலைவனைக் குறிக்கும் 'கபித்தாவ்' என்னும் சொல்லோ '-ஆன்' பெற்றுக் கப்பித்தான் ஆயிற்று. இரண்டு சொல்லிலும் மூலத்து ஈறு ஒன்றே. அஃறிணைக்கு அம் ஈறும், ஆடூஉவுக்கு ஆன் ஈறும் தமிழுக்கு இயல்பானவை. இரண்டு சான்றுகளை மட்டும் வைத்து விதி வகுக்க நான் துணியவில்லை. எனினும் வந்த சொல்லுக்குத் திணை பார்த்து இடம் கொடுத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சுட்ட வேண்டும். மேசை வந்தபோது அந்தப் பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லை. ஏலத்திற்கோ பெயர் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில், நிலத்தைப் பலரறியக் கூவி விற்கும் முறை 'பெருவிலை' எனப்பட்டது. கொள்வார் உளரோ என முன்கூட்டி அறிவித்து, விலை பேசி, ஆவணம் செய்து கொடுப்பர். அந்த ஊராட்சி முறை சிதைந்தபோது சொல்லும் வழக்கிழந்தது. பின்னர்த் துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கூவி விற்ற புதிய வணிகம் தன் பெயரைத் தானே கொண்டுவந்தது. ஆகவே கடன்சொல் எல்லாம் வெற்றிடத்தை நிரப்ப வந்தவை என்று பாடநூல்களில் எழுதுவது பாதி உண்மைதான். 'பெருவிலை'யை மீட்டெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: அழகான சொல், ஆனால் இன்று அதனைச் செவியுறுபவர் 'மிகுந்த விலை' என்றே பொருள்கொள்வர்.

வந்த சொல்லைத் தமிழ் எப்படித் தன் வினைகளோடு பிணைத்தது என்பதையும் பாருங்கள். ஏலம் விடுகிறோம், கேட்கிறோம், எடுக்கிறோம், பொருள் ஏலம் போகிறது. 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவி முடிக்கிறோம். வீட்டுச் செய்தியை வெளியே பரப்புபவரை 'ஊரெல்லாம் ஏலம் போடாதே' என்று கடிகிறோம். அரபு மூலத்தின் பொருள் அறிவித்தல் என்பதை அறியாமலே அந்தப் பொருளுக்கு நம் பேச்சு திரும்பிப் போயிருக்கிறது! நம் ஊர்ச் சந்தைகளில் மலாய் 'லெலோங்' மலிவு விற்பனைக் கூவலாகத் தேய்ந்துவிட்டது. நம் வீடுகளில் 'லேலாங்கில் வாங்கினேன்' என்று கூறுபவர், ஏலம் என்னும் சொல்லின் உடன்பிறப்பைத்தான் உச்சரிக்கிறார்.

மேசைக்குப் பெயர் இல்லை என்றேன். அதனால் பழந்தமிழர் மரக்கலன் அறியாதவர் என்று கொள்ளலாகாது. யானைக் கொம்பைக் கடைந்து கைவல்ல தச்சன் இயற்றிய கட்டிலை நெடுநல்வாடை விரிவாகப் பேசுகிறது. புறநானூற்று 50ஆம் பாடலின் பின்னணி, மோசிகீரனார் முரசுகட்டிலில் அறியாது உறங்கியதும், சேர மன்னன் அவரைத் தண்டியாது கவரி வீசியதும் ஆகும். கட்டில் இருந்தது, பலகை இருந்தது, மணை இருந்தது. தரையில் அமர்ந்து உண்டவர்க்கும், ஓலையைக் கையில் ஏந்தி எழுதியவர்க்கும் உயர்ந்த கால்கள் உடைய பலகை வேண்டியிருக்கவில்லை. அவ்வளவே.

இனி, கால்களைப் பற்றி. நாற்காலி என்பது நான்கு கால்களை உடையது. மேசைக்கும் நான்கு கால். கட்டிலுக்கும் நான்கு கால். ஆனால் பெயர் இருக்கைக்கு மட்டும் அமைந்தது. இந்தியில் 'சார்பாய்' என்றால் நான்கு கால் உடையது. அங்கே அது கயிற்றுக் கட்டில். கிரேக்கத்தில் 'திரபெசா' என்னும் சொல்லுக்கும் நான்கு கால் உடையது என்பதே மூலப்பொருள்; அங்கே அது மேசை. மூன்று மொழிகள் ஒரே கருத்தில் பெயர் சூட்டின. மூன்றும் வெவ்வேறு பொருளுக்குச் சூட்டின. காரணப்பெயர் என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோமே, அந்தக் காரணம் பெயர் பிறந்த அன்று ஒரு கைவிளக்கு. பிறகு அது பொருளை வரையறுப்பதில்லை. சக்கரம் பொருத்தி ஒற்றைத் தண்டில் சுழலும் அலுவலக இருக்கையையும் நாற்காலி என்றே அழைக்கிறோம். எவரும் கால்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறு மேசைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் 'டீப்பாய்' என்னும் சொல்லில்தான் இந்த விளையாட்டு உச்சத்தை எட்டுகிறது. விருந்தினர்முன் வைக்கும் சிற்றுயர மேசை. அதன்மேல் தேநீர்க் கோப்பை வைக்கிறோம். ஆகவே 'டீ' என்பது தேநீர்தான் என்று கேட்பவர் அனைவரும் நம்புவர். உண்மையில் இது இந்தியில் 'திபாய்'. முதற்பகுதி மூன்றைக் குறிக்கும் இந்தியச் சொல். பிற்பகுதி காலைக் குறிக்கும் பாரசீகச் சொல். சொல்லுக்குச் சொல் நம் முக்காலிதான். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இதனைத் தம் நாவுக்கு ஏற்ப மாற்றினர். ஒலி தேநீரை நினைவூட்டியது. இங்கிலாந்தில் தச்சர்கள் அந்தப் பெயரை நம்பி, தேயிலை வைக்கும் பெட்டியை ஒற்றைத் தண்டின்மேல் பொருத்தி, அதற்கே அப்பெயரைச் சூட்டினர். சொல்லின் பிழையான பொருளுக்கு ஏற்ப ஒரு புதிய மரக்கலனே பிறந்தது! பின்னர் ஆங்கிலத்திலிருந்து அச்சொல் தமிழுக்கு வந்து டீப்பாய் ஆனபோது, தமிழர் காதில் பின்பகுதி பாயாகவும் விழுந்தது. டீயும் இல்லை, பாயும் இல்லை. மூன்று கால் மட்டுமே உண்டு, அதுவும் இன்று நான்காகிவிட்டது.

இவ்வரிசையில் பிற சொற்களை விரைந்து பார்க்கலாம். 'அர்மாரியூ' என்பதில் இருந்த முதல் ரகரம் லகரமாகி அலமாரி வந்தது. ஏலத்தில் ஒரு லகரம் உதிர்ந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, ஒத்த ஒலிகள் நெருங்கி வருவதை நாக்கு விரும்புவதில்லை. 'சாவி' போர்த்துகீசியச் சொல். இன்று அந்நாட்டினர் முதலெழுத்தை 'ஷ' என ஒலிக்கின்றனர், ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அழுத்தமான சகரமாக ஒலித்தனர். அந்தப் பழைய ஒலியை லிஸ்பன் இழந்துவிட்டது, நம் வீட்டுச் சாவிக்கொத்து காத்துவருகிறது. பீரோ பிரெஞ்சுச் சொல். இலங்கைத் தமிழில் மேசையின் இழுப்பறைக்கு 'லாச்சி' என்பர். ஒல்லாந்தச் சொல், மலாயிலும் 'லாச்சி'தான். நீண்ட இருக்கைப் பலகைக்கு அங்கே 'வாங்கு' என்று பெயர். போர்த்துகீசிய 'பாங்கூ', மலாயில் 'பங்கு'. பணம் மாற்றுவோர் இத்தாலியத் தெருக்களில் போட்டு அமர்ந்த பலகையின் பெயரிலிருந்தே பணமனையின் ஐரோப்பியப் பெயரும் பிறந்தது என்பதால், இலங்கைத் தமிழரின் வாங்கும் நாம் அனைவரும் எழுதும் வங்கியும் உறவினர் ஆகின்றன.

கப்பல்கள் ஒருவழிப் பயணம் செய்யவில்லை. தேக்கு என்னும் திராவிடச் சொல்லைப் போர்த்துகீசியர் 'தேக்கா' என எடுத்துச் சென்றனர். ஆங்கிலம் அதனை அவர்களிடம் பெற்றது. இன்று உலகின் எந்த ஏலக்கூடத்திலும் தேக்கு மேசை ஒன்று விலைபோகும்போது அப்பெயரில் நம் கரையின் சொல் ஒலிக்கிறது. பிரம்புக்கு ஐரோப்பியர் மலாய் 'ரோத்தான்' என்பதை எடுத்துக்கொண்டனர். அச்சொல்லின் வேறொரு பயன்பாட்டை நம் பள்ளிகளில் படித்த மூத்த தலைமுறையினர் உள்ளங்கையால் அறிவர். கருங்காலி மட்டும் பயணம் போகவில்லை. மரம் போயிற்று, சொல் போகவில்லை. பட்டியல்களில் கிரேக்கம் வழிவந்த பெயரே நிற்கிறது. செய்த தச்சனின் பெயரோடு மரத்தின் பெயரும் கரையிலேயே நின்றுவிட்டது.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை? கட்டுரைத் தாளில் மாணவர் 'லாச்சி' என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் வட்டமிட்டு 'கொச்சை' என்று குறிப்பெழுதியதை நான் கண்டிருக்கிறேன். அதே தாளில் மேசையும் அலமாரியும் சாவியும் வட்டமின்றித் தப்பியிருந்தன. பிறப்பைக் கொண்டு தீர்ப்பு வழங்கினால் நான்கும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியவை. வழக்கைக் கொண்டு தீர்ப்பு வழங்கினால், எங்கே எவருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்: யாழ்ப்பாணத்து வாசகருக்கு லாச்சி இயல்பான சொல், நம் தேர்வுத் தாளுக்கு இழுப்பறை பொருத்தம். இந்த வேறுபாட்டை விளக்காமல் வட்டம் மட்டும் போட்டால், வட்டமிடப்பட்டது தன் பாட்டியின் பேச்சு என்பதையே அந்தப் பிள்ளை மனத்தில் வைத்துக்கொள்ளும். மறுபுறம், நம் பெருமையைக் காப்பதாக எண்ணி மேசையை மிசையிலிருந்தும் ஏலத்தை ஏல் என்பதிலிருந்தும் வருவித்துக் காட்டுவதும் கல்வியாகாது. சான்றைத் தேடும் பழக்கத்தை அது கெடுக்கும். அதைவிட, நம் சொற்கள் எந்தத் துறைமுகத்தில் எவருடன் உரையாடிப் பிறந்தன என்னும் வரலாற்றையும் அழித்துவிடும்.

மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைக்குத் தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நம் மாணவர் காதில் மலாய் எப்போதும் ஒலிக்கிறது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அந்நகரில் தமிழ் வணிகர் ஏற்கெனவே செல்வாக்கோடு வாழ்ந்தனர். இரு மொழியாரும் ஒரே மாலுமிகளிடம் ஒரே சொற்களைக் கேட்டனர். ஆகவே கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினால் போதும். மெஜா, மேசை. அல்மாரி, அலமாரி. லெலோங், ஏலம். ஜெண்டேலா, சன்னல். பங்கு, வாங்கு. லாச்சி, லாச்சி. எந்த ஒலி எங்கே மாறியது என்று மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஜெண்டேலாவில் டகரம் எங்கிருந்து நுழைந்தது என்று கேட்டால் நல்ல விவாதம் எழும், மூலத்தில் அது இல்லை. அடுத்த வரியில் 'கெருசி' என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். மலாய்க்காரர் அதனை அரபியிலிருந்து பெற்றனர், இலங்கைத் தமிழர் கதிரையைப் போர்த்துகீசியத்திலிருந்து பெற்றனர், தமிழ்நாட்டார் நாற்காலி என்று தாமே ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டனர். மேசையில் ஒன்றுபட்ட மூவர் நாற்காலியில் ஏன் பிரிந்தனர் என்பதை வகுப்பின் முன் வைக்கலாம்.